தராசுக்கு முன்னால் நின்ற வரிசையும் எர்லாங்கும்

ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் பாட்டி ஏறக்குறைய 30 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டு, நெற்றியில் விளக்கு, நிரை நிரையாக நடை, கொசுக்கடி என்று சொல்வதற்கு எவ்வளவோ இருந்தும், அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் அவர் முதலில் சொல்வது பால் ஸ்டோர் வாசலில் நின்ற வரிசையைத்தான். வெயில் ஏறுவதற்குள் மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா போட்டுச் சுமந்து ஸ்டோருக்கு வந்தால், அங்கே இருப்பது ஒரே தராசு, ஒரே கிராணி. அவர் நிறுத்து, கொஞ்சம் பாலை மாதிரிக்கு எடுத்து, பெயருக்கு நேரே எழுதி முடிப்பதற்குள் பின்னால் 20 பேர் சேர்ந்துவிடுவார்கள். பால் அதிக நேரம் நின்றால் உறையத் தொடங்கும். ஆயாக் கொட்டகையில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும். நிற்கிற நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது, சம்பளம் பாலுக்குத்தான்.

அந்த வரிசைக்கு ஒரு கணிதம் இருக்கிறது என்பது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. கியூயிங் தியரி என்று பாடத்திட்டம் சொல்லும் வரிசைக் கோட்பாடு அது. வங்கிச் சாளரம், மருத்துவமனைப் பதிவு முகப்பு, டோல் சாவடி, கிடங்கு என்று மனிதரோ பொருளோ காத்திருக்கும் எந்த இடத்திலும் எத்தனை பணியாளரை எங்கே நிறுத்தலாம் என்று கணிக்கும் துறைக்கு இதுவே அடித்தளம். அதைத் தொடங்கி வைத்தவர் டென்மார்க் நாட்டில் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியரின் மகன். பெயர் ஆக்னர் கிராரப் எர்லாங். விரிவுரையில் அவர் பெயர் ஒரு வாய்பாட்டின் தலைப்பாகத்தான் வந்து போனது. மனிதரைப் பற்றித் தேடிப் படித்தது பிறகுதான்.

எர்லாங் 1878 ஜனவரி 1-ஆம் தேதி யூட்லாண்ட் தீபகற்பத்தில் லோன்போர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் நீல்சன் எர்லாங் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். தேவாலய எழுத்தர் பணியும் அவருடையதே. தாயார் மக்தலேன கிராரப் படித்த குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் குடும்பத்தின் முன்னோரில் ஒருவர் தாமஸ் ஃபிங்கெ. எஸ்பிஎம் கூடுதல் கணிதத்தில் டேன்ஜென்ட், சீக்கண்ட் என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோமே, அந்த இரண்டு சொற்களையும் 1583-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கணிதர் அவர். கொள்ளுத்தாத்தா அப்படி என்றால் பேரன் இப்படித்தான் இருப்பான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வீட்டில் பெரிய வசதி எதுவும் இருக்கவில்லை.

சின்ன வயதில் அண்ணன் பிரெடரிக்குடன் ஒரே புத்தகத்தைப் படிக்க நேரும்போது, அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து தலைகீழாகவே படிப்பாராம். வானியலில் அளவில்லாத ஆசை. வானத்தைப் பற்றிக் கவிதைகளும் எழுதினார். 14 வயதில் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் நடத்திய தொடக்கநிலைத் தேர்வை எழுதுவதற்கு வயது போதாமல் தனி அனுமதி வாங்கி எழுதி, சிறப்பாகத் தேறினார். உடனே மேல்படிப்புக்குப் போகவில்லை. ஊருக்குத் திரும்பி, அப்பாவின் பள்ளியிலேயே 2 ஆண்டுகள் பாடம் நடத்திக்கொண்டு, லத்தீனும் பிரெஞ்சும் கற்றார். 1896-இல் நுழைவுத் தேர்வில் வென்று உதவித்தொகையுடன் கோப்பன்ஹேகன் போனார். ரேகென்சன் என்ற பழைய மாணவர் விடுதியில் இலவசமாகத் தங்க இடம் கிடைத்தது. 1901-இல் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும் வானியல், இயற்பியல், வேதியியலைத் துணைப் பாடங்களாகவும் கொண்டு பட்டம் பெற்றார்.

அடுத்த 7 ஆண்டுகள் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் வேலை. கலகலப்பாகப் பேசும் சுபாவம் அவருக்கு இல்லை. கூட்டத்தில் ஓரமாக நின்று கவனிப்பவர். பேசினால் இரண்டு வரிதான். நண்பர்களே அவருக்கு ஒதுங்கியே இருப்பவர் என்ற பொருளில் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். இருந்தும் நல்ல ஆசிரியராகவே பெயரெடுத்தார். பள்ளி விடுமுறைகளில் பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் என்று போய் ஓவியக்கூடங்களிலும் நூலகங்களிலும் நேரத்தைக் கழித்தார். பள்ளி வேலை பார்த்துக்கொண்டே கணிதத்தை விடவில்லை என்பதற்கு ஒரு சான்று: ஹைகன்ஸ் என்ற பழைய டச்சு அறிஞரின் கணிதத்தைப் பற்றிப் பல்கலைக்கழகம் வைத்த பரிசுப் போட்டியில் 1904-இல் பாராட்டுப் பெற்றார்.

டென்மார்க் கணிதச் சங்கத்தின் கூட்டங்களுக்குத் தவறாமல் போய்வந்தார். அங்கே கிடைத்த ஒரு பழக்கம் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. யோகான் ஜென்சன் என்பவர் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். ஓய்வு நேரத்தில் கணிதம் செய்பவர். சராசரியை வைத்துக் கணக்கிட்டால் வரும் விடையும், கணக்கிட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் வரும் விடையும் பொதுவாக ஒன்றாக இருப்பதில்லை என்று காட்டும் ஜென்சன் சமனின்மை அவருடையதே. அவர்தான் எர்லாங்கை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஃபிரிட்ஸ் யோகான்சனிடம் அழைத்துப் போனார். வாடிக்கையாளர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார், அதைக் குறைக்க எத்தனை ஆள் வேண்டும் என்ற கேள்வியை நிகழ்தகவை வைத்துப் பார்க்க யோகான்சன் ஏற்கெனவே தானே முயன்றிருந்தார். முழுநேரமும் இதற்கென்றே ஒரு கணிதர் தேவை என்று அவருக்குத் தோன்றியது. 1908-இல் 30 வயது எர்லாங் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார்.

அன்றைய தொலைபேசி நிலையத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணை அழுத்தினால் தானாக இணையும் காலமல்ல. நீண்ட பலகைகளுக்கு முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாடிக்கையாளர் கூப்பிட்டதும் பலகையில் அடையாளம் தெரியும். அந்தப் பெண் செருகியைச் சொருகி, யார் வேண்டும் என்று கேட்டு, இணைத்துக் கொடுக்க வேண்டும். பெண்கள் குறைந்தால் மறுமுனையில் ஆள் காத்துக் கிடப்பார். கூடினால் நிறுவனத்துக்குச் சம்பளச் செலவு. பலகைக்கும் பலகைக்கும் இடையே ஓடும் கம்பிகளுக்கும் இதே கதை. எத்தனை போதும்?

ஒரு மணி நேரத்தில் வரும் அழைப்புகளை எண்ணி, ஒருவர் கையாளக்கூடிய எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் விடை வந்துவிடுமே என்று நமக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எர்லாங் 1909-இல் வெளியிட்ட கட்டுரை அந்த எண்ணத்தைத்தான் உடைத்தது. கூப்பிடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் கலந்து பேசிக்கொண்டு கூப்பிடுவதில்லை. அதனால் அழைப்புகள் சீராக வராது; கொத்தாக வரும், பிறகு ஒன்றுமே வராது. அந்த ஒழுங்கின்மைக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்றும், அது பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் கண்ட பரவலைப் பின்பற்றுகிறது என்றும் அவர் நிறுவினார். நிமிடத்துக்குச் சராசரியாக ஓர் அழைப்பு என்று வைத்துக்கொள்வோம். ஏதாவது ஒரு நிமிடத்தை எடுத்தால், அதில் அழைப்பே இல்லாமல் இருக்க 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 3 அல்லது அதற்கு மேல் வந்து மோதுவதற்கு 8 விழுக்காடு. சராசரி ஒன்றுதான். ஆனால் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குச் சராசரி நிமிடம் என்று ஒன்று வருவதே அபூர்வம்.

இதைச் சொல்லப் பெரிய கணிதம் தேவையில்லை. ஒரு தாயக்கட்டை போதும். ஆறு பக்கமுள்ள சாதாரணக் கட்டை. என் பாட்டியின் ஸ்டோரையே எடுத்துக்கொள்கிறேன். நிமிடத்துக்கு ஒரு தடவை உருட்டுங்கள். 1 அல்லது 2 விழுந்தால் அந்த நிமிடம் யாரும் வரவில்லை. 3 அல்லது 4 விழுந்தால் ஒருவர் வந்தார். 5 அல்லது 6 என்றால் இருவர். சராசரி நிமிடத்துக்கு ஒருவர். கிராணியும் நிமிடத்துக்கு ஒருவருக்கு நிறுத்துவிடுகிறார். வகுத்தல் கணக்குப்படி வரிசையே இருக்கக்கூடாது. நான் உருட்டியபோது விழுந்தவை: 2, 1, 6, 5, 3, 6, 4, 1, 5, 2. முதல் 2 நிமிடம் யாரும் இல்லை, கிராணி சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டிரண்டாக வந்தார்கள். ஆறாவது நிமிடம் முடிந்தபோது 3 பேர் நின்றார்கள். பத்து நிமிடத்தில் வந்தவர் சரியாக 10 பேர். நிறுத்துப் போனவர் 8 பேர். மீதி 2 பேர் இன்னும் நிற்கிறார்கள். கிராணி தொடக்கத்தில் இழந்த அந்த 2 நிமிடத்தைச் சேமித்து வைத்துப் பிறகு செலவழிக்க முடியாது. வரிசை பிறப்பது அங்கேதான். யாருடைய சோம்பலாலும் அல்ல.

தாயக்கட்டை உருட்டி இப்படிச் செய்து பார்ப்பதற்குத்தான் சிமுலேஷன் என்று பெயர். நடப்பைப் போலவே காகிதத்திலோ கணினியிலோ நடத்திப் பார்ப்பது. எர்லாங்கிடம் கணினி இல்லை. அவர் வாய்பாட்டு வழியைப் பிடித்தார்.

1917-இல் வெளிவந்த கட்டுரைதான் அவரை உலகுக்குக் காட்டியது. தானியங்கித் தொலைபேசி நிலையங்கள் தலையெடுத்துக்கொண்டிருந்த நேரம். எல்லாக் கம்பிகளும் பேச்சில் இருக்கும்போது வரும் அழைப்பு எத்தனை விழுக்காடு வீணாகும் என்பதற்கு ஒரு வாய்பாடு. வீணாகாமல் காத்திருக்கும் என்றால் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கு இன்னொன்று. முதல் வாய்பாட்டில் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதன் அழகு தெரியும். ஒரு கம்பியை இடைவிடாமல் நிரப்பப் போதுமான அளவு பேச்சு வருகிறது. ஆனால் ஒழுங்கில்லாமல் வருகிறது. கம்பி ஒன்றே இருந்தால் அழைப்பில் பாதி வீண். இரண்டாவது கம்பி போட்டால் 5-இல் 1 வீண். மூன்றாவது போட்டால் 16-இல் 1. நான்காவதுக்கு 65-இல் 1. ஒரு கம்பிக்கான வேலைக்கு 4 கம்பியா என்று கணக்காளர் கேட்பார். ஆமாம் என்பதும், ஏன் என்பதும் இந்த வாய்பாட்டில் இருந்தன. பிரிட்டன் அஞ்சல் துறை தன் தொலைபேசி இணைப்புகளைத் திட்டமிட இந்த வாய்பாட்டையே அடிப்படையாக ஏற்றுக்கொண்டது.

எர்லாங் அறைக்குள் உட்கார்ந்து வாய்பாடு மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர் அல்லர். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவர் அவர்; தொடக்கத்தில் உதவிக்கு ஆள் போதவில்லை. நிலத்தடிக் கம்பிகளில் கசியும் மின்னோட்டத்தை அளக்க அவரே தெருவில் இறங்கினார். ஏணி தூக்கிய ஒரு தொழிலாளி பக்கத்தில் வர, கோப்பன்ஹேகன் வீதிகளில் சாக்கடை மூடி போன்ற துளைகளைத் திறந்து உள்ளே இறங்கும் கணித மேதையை ஊரார் பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். எண் எங்கிருந்து வருகிறது என்று இறங்கிப் பார்த்தவர் என்பதால்தான் அவர் எண்கள் நின்றன என்று நினைக்கிறேன்.

அந்த ஆண்டுகளில் நம் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? 1907-இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் அதில் பணம் செலுத்த, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கினார்கள். 1910-இல் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. லிங்கி, ரந்தாவ், லாபு, சிரம்பான் சுற்றுவட்டாரத்தில் காடு அழிந்து நிரைகள் எழுந்தன. டென்மார்க்காரர் ஒருவர்கூட இந்தக் கதையில் உண்டு: ஆகெ வெஸ்டன்ஹோல்ஸ் என்ற பொறியாளர் 1906-இல் பேராக்கில் ஜெண்டராட்டா தோட்டத்தைத் தொடங்கினார். கோப்பன்ஹேகனில் ஒரு நிமிடக் காத்திருப்பை எப்படிக் குறைப்பது என்று ஒரு மேதை மண்டையை உடைத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இங்கே எங்கள் கொள்ளுப்பாட்டிகள் ஸ்டோர் வாசலில் வாளியோடு நின்றார்கள். அந்த நிமிடங்களை எண்ணும்படி யாரும் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை. தொலைபேசிக்காரர் காத்திருந்து சலித்தால் வாடிக்கையை விட்டுவிடுவார் என்ற பயம் நிறுவனத்துக்கு இருந்தது. பால்வெட்டுக்காரர் எங்கே போவார்?

எர்லாங்கின் இரண்டாவது வாய்பாட்டை அந்த வாசலில் வைத்துப் பார்த்தேன். ஒருவருக்கு நிறுக்கச் சராசரி 2 நிமிடம் என்று கொள்வோம். வருகையும் நிறுக்கும் நேரமும் ஒழுங்கின்றி மாறுகின்றன. கிராணி பாதி நேரம் மட்டும் வேலையில் இருந்தால், வருகிறவர் சராசரியாகக் காத்திருப்பது 2 நிமிடம். கிராணிக்கு 80 விழுக்காடு வேலை என்றால் 8 நிமிடம். 90 விழுக்காடு என்றால் 18. 95 என்றால் 38. கிராணியை இன்னும் 5 விழுக்காடு பயன்படுத்தியதில் தோட்டத்துக்கு மிச்சம் கொஞ்சம். வரிசைக்கு நட்டம் இரண்டு மடங்குக்கும் மேல். ஏறு கோடு இல்லை இது. ஒரு கட்டத்துக்கு மேல் செங்குத்தாக நிற்கும் சுவர்.

இன்னொன்றும் அந்த வாய்பாடு சொல்கிறது. 2 தராசு வைத்து, 90 விழுக்காடு வேலையோடு, ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை விட்டால் காத்திருப்பு அதே 18 நிமிடம்தான். அதே 2 தராசு, அதே 2 ஆள். ஆனால் வரிசை ஒன்றே, எந்தத் தராசு முதலில் காலியாகிறதோ அதற்குப் போகலாம் என்றால் சுமார் எட்டரை நிமிடமாகக் குறைந்துவிடுகிறது. காசு செலவில்லை, ஒரு கயிறு கட்டினால் போதும். வங்கிகளில் எண் சீட்டு கொடுத்து எல்லாரையும் ஒரே வரிசையாக்குவது இதனால்தான்.

இங்கே ஒரு நேர்மையான குறையையும் சொல்ல வேண்டும். எர்லாங்கின் வாய்பாடுகள் வருகையின் வேகம் நாள் முழுவதும் மாறாது என்று எடுத்துக்கொள்பவை. தோட்டத்தில் அப்படியில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் மரம் வெட்டத் தொடங்கி, ஒரே நேரத்தில் பால் எடுத்து, ஒரே நேரத்தில் வருவார்கள். 40 பேர் நிமிடத்துக்கு ஒருவராக வர, நிறுக்க 2 நிமிடம் ஆகும் ஒரே தராசு என்றால், கடைசி ஆள் 39 நிமிடம் நிற்பார். கிடங்கும் அப்படித்தான், லாரி புறப்படும் நேரம் நெருங்க நெருங்க நெரிசல். வாய்பாடு கைவிடும் இந்த இடத்தில்தான் தாயக்கட்டை கைகொடுக்கிறது. எர்லாங் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1940-களில் அமெரிக்காவில் உலாமும் ஃபான் நியூமனும் கணினியில் தற்செயல் எண்களை உருட்டிக் கணக்கிடும் மாண்டி கார்லோ முறையை உருவாக்கினார்கள். 1960-ஐ ஒட்டி பிரிட்டனில் டோச்சர் என்பவர் எஃகு ஆலைகளுக்காக ஒரு சிமுலேஷன் நிரலை எழுதினார். 1961-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜெஃப்ரி கார்டன் இன்னொன்றைக் கொண்டுவந்தார். இன்று பல்கலைக்கழக மாணவர் மடிக்கணினியில் ஒரு வருடத்துக் கிடங்கைச் சில நொடியில் ஓட்டிப் பார்க்கலாம்.

நானும் ஓட்டினேன். நீலாய் பக்கம், ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இப்போது கிடங்குகள் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் எனக்குத் தொழிற்பயிற்சி. இயங்கலையில் வாங்கப்படும் பொருள்களை அலமாரியிலிருந்து எடுப்பவர்கள் ஒரு பக்கம், பெட்டியில் கட்டுபவர்கள் மறுபக்கம். கட்டும் மேசைகளில் இருப்பவர்கள் காலையில் கொஞ்ச நேரம் சும்மா நிற்பதாக மேற்பார்வையாளருக்கு வருத்தம். மேசையிலிருந்து 2 பேரைக் குறைத்தால் என்ன ஆகும் என்று சிமுலேஷன் செய்து காட்டும்படி எனக்கு வேலை கொடுத்தார்கள். விடை அவர்கள் எதிர்பார்த்தபடி இருக்கும் என்றே நானும் நினைத்தேன். எத்தனை முறை ஓட்டினாலும், காலையில் மிச்சமான அந்த நேரத்தைப் போலப் பல மடங்கு மாலையில் பெட்டிகளாகத் தரையில் குவிந்தது. கடைசி லாரி போன பிறகும் மேசைகளில் வேலை முடியவில்லை. சும்மா நின்ற அந்த நேரம்தான் நெரிசலைத் தாங்கியிருந்தது. இதற்குப் பதில், காலையில் 2 பேரை அலமாரிப் பக்கம் அனுப்பி, பிற்பகலில் மேசைக்குத் திருப்பினால் இரண்டும் சரியாகின்றன என்று என் அறிக்கையில் எழுதினேன். அதை எழுதும்போது நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்பது தெரிந்தேதான் இருந்தது. 1917-லேயே 4 கம்பி கணக்கைப் போட்டவர் ஒருவர் இருந்தாரே. அறிக்கையைக் கொடுத்தபோது ஒரு கேள்வி வந்தது: கூடுதல் நேரம் வேலை செய்து முடித்துவிட மாட்டார்களா என்று. மாதிரியில் அந்தக் கூடுதல் நேரத்துக்கு நான் விலை போடவில்லை. போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். 2 பேரும் மேசையிலேயே இருக்கிறார்கள்.

எர்லாங்கின் பிற்கால வாழ்க்கையில் பரபரப்பான சம்பவங்கள் கிடையாது. திருமணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி புத்தகமாக மாறியது. கணிதம், வானியல், இயற்பியல் என்று வீட்டில் பெரிய நூலகமே சேர்ந்தது. பண உதவி தேடி ஏழைகள் அவரது ஆய்வுக்கூடத்துக்கே வருவார்கள். அடுத்தவர் அறியாமல் கொடுத்தனுப்புவார். எழுதியதும் அதிகமில்லை. எழுதியவை மிகச் சுருக்கம். நிரூபணத்தை முழுக்க எழுதாமல் விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார், பின்வந்தவர்கள் இடைவெளியை நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டுரைகளில் பல டேனிஷ் மொழியில் இருந்ததால், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்து ஆய்வாளர் ஒருவர் அவற்றை மூலத்திலேயே படிப்பதற்காக டேனிஷ் கற்றுக்கொண்டார். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் தேர்வெழுதி, ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் நமக்கு இந்தச் செய்தி ஒரு சின்ன ஆறுதல். சின்ன மொழியில் எழுதப்பட்ட பெரிய விஷயத்தைத் தேடி, பெரிய நாட்டுக்காரர் மொழி படித்திருக்கிறார்.

ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த நிறுவனத்தில் இருந்தார். ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுத்ததில்லை. 1929 ஜனவரியில் வயிற்று அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்ததுதான் முதல் முறை. பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை, இறந்துபோனார். வயது 51.

1946-இல் தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அனைத்துலக அலகுக்கு எர்லாங் என்று பெயர் சூட்டினார்கள். ஒரு கம்பி ஒரு மணி நேரம் முழுக்கப் பேச்சில் இருந்தால் அது 1 எர்லாங். சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1980-களில் உருவான ஒரு கணினி மொழிக்கும் அவர் பெயர். வாட்ஸ்அப் தன் சேவையகங்களை அந்த மொழியில்தான் எழுதியது. காலை வணக்கம் படம் அனுப்பும் நம் பெரியம்மாக்கள் எல்லாரும் தினமும் அவர் பெயர் கொண்ட நிரலின் வழியேதான் போய்வருகிறார்கள்.

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது பாட்டியின் ஸ்டோரை மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினேன். புள்ளிகளாக ஆட்கள் வருகிறார்கள், நிற்கிறார்கள், போகிறார்கள். இரண்டாவது தராசு ஒன்று வைத்தால் வரிசை எப்படிக் கரைகிறது என்று விளக்கினேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். இரண்டாவது தராசு ஸ்டோரில் இருக்கத்தான் செய்ததாம். பெரிய துரை பார்வையிட வரும் நாளில் மட்டும் அதை வெளியே எடுத்து வைப்பார்களாம்.